புகையை ஏலம் விட்ட வருடம்

பத்தரைக்கு மணி அடிப்பது என் வேலை.
தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில்
பதினாலு வருடமாக அதே மணி.
ஒரு கை கூடு அள்ளி
காதருகே குலுக்கிப் பார்ப்பார் முக்தார் பாய்;
உள்ளிருக்கும் புழு சொல்வதுதான் விலை.

அந்த வருடம் சென்னையில் வேறோர் ஏலம்.
சரக்கு: புகை.
ஒரு டன் விட ஒரு சீட்டு.
சிமெண்ட் ஆலைக்காரர்களும் இரும்பு உருக்குபவர்களும்
கணினிமுன் உட்கார்ந்து கேட்டார்களாம்.
அள்ள முடியாது, குலுக்க முடியாது,
சாக்குக்கு எவ்வளவு கழிவு என்று சண்டை போட முடியாது.
மூணாம் தரம் சொன்னது யாராக இருக்கும்?
எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காசில் ஒரு கீற்று
சுற்றறிக்கையாக எங்கள் மேசைக்கு வந்தது.
விறகுக் கொதிகலனை எடுத்துவிடு,
கூரையில் சூரியத் தகடு போடு,
முக்கால் அரசு, கால் உன்னுடையது.
மனு வாங்க என்னை உட்காரவைத்தார்கள்,
கால் ஆடும் நாற்காலியில்.
நூற்றுப் பதினாறு மனு.
ஒதுக்கீடு நாற்பது.

நேரில் பார்த்து எழுதச் சொன்னார்கள்.
முக்தார் பாய் கூடத்தில்
ஆவிக்குள்ளிருந்து முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.
கொதிநீரில் இழை தேடும் மெகருன்னிசாவின் விரல்கள்
ஊறி, வெளுத்து, வேறு யாருடையவோ போல.
'தகடு வந்தா தண்ணிச் சூடு குறையுமா?'
'குறையாதும்மா. புகைதான் குறையும்.'
'அப்ப விரலுக்கு ஒண்ணுமில்ல.'
'கண்ணுக்கு நல்லது.'
'சரி, கண்ணையாவது எழுதிக்கோங்க'
என்று திரும்பி இழையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் மினி லாரி.
கருவேல விறகை இறக்கிக்கொண்டிருந்தான் ருத்ரப்பன்.
பென்னாகரம் ரோட்டிலிருந்து பதினோரு கூடத்துக்கு
அடுப்பு எரிவது இவன் முதுகில்.
என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தான்.
'எல்லாருக்கும் பாரம் தர்றீங்களாமே,
எனக்கு எந்தப் பாரம்?'
தலைக்கட்டை இறக்காமலே கேட்டான்.

படிவத்தில் கொதிகலனுக்கு இடம் உண்டு:
அதன் வயது, எடை, ஒரு நாளைக்குத் தின்னும் விறகு.
விறகைக் கொண்டுவருபவனுக்கு இல்லை.
'பிற விவரம்' என்ற மூன்றுவிரல் இடத்தில்
அவன் பெயரை நெருக்கி எழுதினேன்.
சிவப்பு மையில் திரும்பி வந்தது: பொருந்தாது.
மறுமுறை பெயரை எடுத்துவிட்டு
எல்லாப் படிவத்திலும்
'தகடு கழுவும் செலவு, வாரம் இருமுறை' என்றேன்.
ஒப்புதல் ஆனது.
அரசாங்கத்துக்குப் பெயர் இல்லாத ஆளைப் பிடிக்கும்.

நாற்பது பேரை எடுக்க
மஞ்சள் பையில் சீட்டுப் போட்டோம்.
குலுக்கும் பழக்கம் எங்களை விட்டுப் போவதில்லை.

இப்போது ஏழு கூரைகளில் ஏறுகிறான்,
வாளியும் கிழிந்த லுங்கித் துணியுமாக.
விறகில் கிடைத்ததில் பாதிதான்.
மீதி நாலு கூடத்துக்கு இன்னும் லாரி போகிறது;
அங்கே புகை, இங்கே வெயில்,
இரண்டிலும் அவன்.

போன மாதம் புகை விலை இறங்கிவிட்டதாம்.
அடுத்த ஒதுக்கீடு பதினெட்டு.
இங்கே விலை படியாவிட்டால்
கூட்டைச் சாக்கில் கட்டித் திரும்ப எடுத்துப்போவார்கள்,
ராமநகரம் வரைகூட.
ஆனால் நாள் கடத்த முடியாது,
அந்து துளைத்துக்கொண்டு வந்துவிடும்.
புகையை எங்கே எடுத்துப்போவது?
அது எப்போதோ துளைத்துக்கொண்டு வெளியே வந்தாயிற்று.

சீட்டு விழாத எழுபத்தாறு மனுவும் என் பீரோவில்.
நேற்று பாலக்கோட்டு நஞ்சையன் வந்தார்.
தன் மனு என்னவாயிற்று என்று கேட்கவில்லை.
'அந்த மெட்ராஸ் ஏலத்துக்கு நாம போகலாமா?'
'போய்?'
'ரெண்டு டன்னு வாங்கி
விடாம வெச்சுக்கலாம்.'

சிரிப்பதா என்று தெரியவில்லை.
பத்தரை ஆகியிருந்தது,
மணியடிக்கப் போனேன்.