நான்காவது படகு

கடலூர் முதுநகர்க் கிளையில்
கடன் பிரிவு மேசை என்னுடையது.
இருசப்பன் வந்து உட்கார்ந்தார்.
பையில் மூன்று படகின் பதிவுத்தாள்,
கையில் நான்காவதற்கு விலைப்பட்டியல்.

முதல் படகு வந்த வருஷம்
சோனாங்குப்பத்தில் அவருக்கு மாடி எழும்பியது.
இரண்டாவது வந்தபோது
மகள் பொறியியல் சேர்ந்தாள்.
மூன்றாவது வந்தது,
டீசல் பாக்கி அடைந்தது, அவ்வளவுதான்.

எம்.ஏ. வகுப்பில் கரும்பலகையில் பார்த்த கோடு:
முதலில் விறுவிறுவென ஏறும்,
போகப்போக மூச்சு வாங்கும்.
அதில் கவலை மீன் வாசம் அடிக்கும் என்று
அன்று யாரும் சொல்லவில்லை.

"அதே உப்பனாறு, அதே முகத்துவாரம், அதே பதினெட்டு ஆள்.
படகை மட்டும் கூட்டினா
மீனுக்கு எப்படித் தெரியும்?"
சிரித்தார்.
"மீனுக்கு ஒண்ணும் தெரியாது மேடம்,
அதனாலதான் மாட்டுது."

தேய்மானம் பத்து சதவீதம் என்கிறது எங்கள் படிவம்.
உப்பு எங்கள் படிவத்தைப் படித்ததில்லை.
வின்ச், இரும்பு வடம், அடிப்பலகை, ஆணி,
மிச்சம் பிடித்த பணம் எல்லாம்
அதன் வாய்க்குள் போகிறது.
வருவதும் கரைவதும் சரிக்குச் சரியாகும்
ஓர் இடம் உண்டு.
புத்தகம் அதை நிலைத்த நிலை என்கும்.
"ஓடியும் நின்ன எடம்" என்கிறாள்
இருசப்பன் மனைவி தையல்நாயகி.
அவள் பெயர்தான் பொருத்தம்.
இன்னும் வாயைக் கட்டிச் சேமித்தால்
நிற்கிற இடம் ஒரு படி உயரும்.
நிற்பது நிற்பதுதான்.

சுனாமிக்குப் பிந்திய மூன்று வருஷம்
இந்தக் கரை ஓடிய வேகம் வேறெப்போதும் இல்லை.
எல்லாம் இழந்தவன் ஏறுவது செங்குத்தாகத்தான்;
கோட்பாடு அங்கே அச்சாகப் பொருந்துகிறது.
ஆள் கணக்கில் மட்டும் ஒன்று குறைவு.
அது இருசப்பனின் தம்பி.

போன வருஷப் பேரேட்டில் ஒரு வேடிக்கை.
படகு கூடவில்லை, ஆள் கூடவில்லை,
வரவு ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது.
படகின் பங்கைக் கழித்தேன்,
ஆளின் பங்கைக் கழித்தேன்,
அப்படியும் மீந்தது.

எதனால் என்று கேட்டேன்.
ஐஸ் என்றார். புது ஓட்டி என்றார்.
பிறகு, கொஞ்சம் தயங்கி,
தையல்நாயகி மூன்று மணிக்கே எழுந்து
புதுச்சேரி, நாகை, பழவேற்காடு என்று போன் போட்டு
விலை கேட்ட பிறகுதான்
எந்தத் துறையில் மீன் இறக்குவது என்று
படகுக்குச் சொல்கிறாள் என்றார்.

அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.
'இதர' என்று எழுதினேன்.

அந்த மீதி
வானத்திலிருந்து விழும் மழை மாதிரி என்று
எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.
எந்த மேகம் என்று கேட்கக் கூடாது.
கடலூரில் மழை என்றால்
எத்தனாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறது
என்றுதான் முதலில் கேட்போம்.

நான்காவது படகுக்குச்
சிபாரிசு செய்ய முடியாது என்றேன்.
விலைப்பட்டியலை நாலாய் மடித்தார்.
எழுந்தவர், என் பேனா நின்ற கட்டத்தைக்
குனிந்து பார்த்தார்.

"இந்த இதரவுக்கு லோன் குடுப்பீங்களா?"

மேனேஜர்
சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்றேன்.