இருபத்திரண்டாம் கேள்வி

நூற்றைம்பது படிவம் கொடுத்தேன்.
நூற்றுப் பதினெட்டு திரும்பி வந்தது.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
மழைக்கு ஒதுங்கி நின்று,
பாலித்தீன் பையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு
நாகர்கோவில் பஸ் ஏறினேன்.

பணிச்சூழலும் செவிலியர் உடல்நலமும்:
குமரி மாவட்டத் தனியார் மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு.
நாற்பது கேள்வி, கேள்விக்கு ஐந்து கட்டம்.
ஒருபோதும் இல்லை. எப்போதாவது. சில நேரம்.
பல நேரம். எப்போதும்.

டூட்டியில் தண்ணீர் குடிக்க முடிகிறதா?
மூத்திரத்தை அடக்க வேண்டி வருகிறதா?
கைடு அந்தச் சொல்லை அடித்து
சிறுநீர் என்று திருத்தினார்.
அடக்கினால் வலி ஒன்றுதான்.

ராத்திரி ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றுகிறேன்.
மூன்று, நான்கு, நான்கு, ஐந்து.
ஒருத்தி எல்லாவற்றுக்கும் மூன்றே போட்டிருக்கிறாள்,
வார்டு முழுக்க ஒரே கஞ்சி ஊற்றுவதுபோல.
ஒருத்தி, பெயர் வேண்டாம் என்ற இடத்தில்
பெயரெழுதி, அடித்து,
அடித்ததன்மேல் வெள்ளை பூசியிருக்கிறாள்.
வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.
நான் பிடிக்கவில்லை.
சம்பளம் கேட்ட கட்டத்தில் ஒரு கையெழுத்து:
'சொன்னா சிரிப்பீங்க.'

பதினாறு படிவம் பாதியில் நிற்கிறது.
அதில் ஒன்று
இருபத்தொன்றுவரை நேர்த்தியான டிக்.
இருபத்திரண்டில் டிக்கின் குட்டைக் கால் மட்டும்.
நெட்டைக் கால் இல்லை.

கைடு ரெத்தினபாய் போனில் சொன்னார்:
'முழுசா இல்லாததத் தூக்கிரு மக்கா.
கணக்கு தாங்காது.'

தூக்கினேன். நூற்றிரண்டு.
மென்பொருள் கண்ணிமைக்கும் முன் சொன்னது:
பணிச்சுமை மிதமானது.

மிதமானது.
வெந்நீருக்குச் சொல்வார்கள் அப்படி.
விளக்கை அணைத்தபிறகும்
அந்தச் சொல் மின்விசிறிக்குக் கீழே
சுற்றிக்கொண்டே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை திரும்பப் போனேன்.
மூன்றாம் மாடி, பெண்கள் வார்டு.
இருபத்தெட்டுக் கட்டில், இரண்டு பேர்.
அதில் ஒருத்தி மருந்தகத்துக்கு ஓடியிருந்தாள்.
மிச்சமிருந்தவள் ஷைஜி,
மேசைமேல் டீ, டீமேல் ஆடை.

யாருடைய படிவம் என்று கேட்கவில்லை.
பாதியில் நிற்பது ஏன் என்றுதான் கேட்டேன்.
'அன்னைக்கு ஒன்பதாம் பெட்டுல ஃபிட்ஸ் வந்துச்சுக்கா.
அண்டியாபீஸுல வேலை பாத்த அம்மா.
கொட்டைப் பால் பட்டுக் கறுத்த கை.
என் மணிக்கட்டப் பிடிச்சாங்க பாருங்க,
விடிஞ்சுதான் விட்டாங்க.
பேனா எங்க போச்சுன்னே தெரியாது.'

படியிறங்கும்போதுதான்
நானே எழுதிய அந்தக் கேள்வியை
முதல்முறையாக வாசித்தேன்:
'தொடங்கிய வேலையை
இடையில் விடாமல் முடிக்க முடிகிறதா?'

அவள் பதில் சொல்லித்தான் இருந்தாள்.
நான்தான் நீக்கிவிட்டேன்.
நேரமில்லாமை பற்றிய ஆய்விலிருந்து
நேரமில்லாதவர்களை எல்லாம்.
வந்தேசேராத முப்பத்திரண்டு படிவங்களை
என்ன செய்வது?
அவை எந்த வார்டில்
எந்த டிரேக்கு அடியில் கிடக்கின்றனவோ!

மறுபடி மேலே ஏறினேன்.
புதுப் படிவம் ஒன்று நீட்டினேன்.
ஷைஜி உட்கார்ந்தாள்.
உட்காரும்போது முழங்கால் ஒரு சத்தம் போட்டது,
அதற்கென்று கேள்வி நான் வைக்கவில்லை.
மளமளவென்று டிக் அடித்துக்கொண்டே போனாள்,
பத்து, பதினைந்து, இருபது.
எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம்.

மணி அடித்தது.

அவளுக்கு முன்னால் என் கால் எழுந்தது.
வார்டை விட்டு ஆறு வருஷமாகிறது எனக்கு.
அவள் என் தோளை லேசாக அழுத்தி
'நீங்க இரிங்கக்கா' என்று
ஓடிப்போனாள்.

மின்விசிறிக் காற்றில்
மிச்சமுள்ள பதினெட்டுக் கேள்விகள் படபடத்தன.
அவள் குடிக்காத டீயை எடுத்து
அதன்மேல் வைத்தேன்.
கறை விழும்.
விழட்டும்.