பதினொரு பக்கம்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை
கொழுந்தைப் புரட்டிவிட வேண்டும்.
இடையில் கிடைப்பது நாற்பது பக்கம்.
பொடி எழுத்தென்றால் முப்பது.

கட்டபெட்டு ஃபாக்டரியின் மாடியில்
ஆறு தொட்டி, ஆறு காற்றாடி,
சிமிட்டிக்கொண்டே இருக்கும் ஒரு ட்யூப்லைட்.
நூலகத்தில் ரெஜினாள் மேடம் சொல்வார்:
"நீ திருப்பித் தர்ற புத்தகம் மட்டும்
டீத்தூள் மணக்குதுப்பா."
வாடல் மணம் அது, மேடம்.
தூளாக இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

போன வருடம் பரிசு வாங்கியதைச்
செய்தி வருமுன்பே படித்துவிட்டேன்.
கிடைக்காது என்று செபமாலையிடம் பந்தயம் கட்டி
இரண்டு பன்னும் ஒரு டீயும் தோற்றேன்.
இன்றைக்கும் சொல்கிறேன்,
அதில் வருகிற மாமியார்
அட்டையில் வெட்டி நிறுத்தியவர்.

இன்னொன்று. நம்ம மலையைப் பற்றி என்றார்கள்.
முதல் வரி:
'மூடுபனி மலையிலிருந்து இறங்கி வந்தது.'
மூடி வைத்துவிட்டுப் போய்
நேரம் ஆகாத கொழுந்தைப் புரட்டினேன்.
இறங்காது, ஐயா.
மத்தியானம் மூன்று மணிக்குப்
பள்ளத்திலிருந்து ஏறி வரும்.
மேட்டுப்பாளையத்தில் பஸ்ஸைத் தவறவிட்டவன்போல்
அரவேனு வளைவில் நின்று மூச்சு வாங்கி,
பிறகு பள்ளிக்கூடம், பிறகு கோயில்,
பிறகு நம் கை.
எழுதுமுன் ஒரு நாள் வந்து நின்றிருக்கலாம்.

ஆனால் எழுபதாம் பக்கத்தில் ஒருத்தி
மெழுகுவர்த்தியை உருக்கிக்
கால்வெடிப்பில் ஊற்றிக்கொள்கிறாள்,
பல்லைக் கடித்துக்கொண்டு,
முதலில் இடது கால்.
போன ஜனவரியில் தனக்கொடி செய்ததும் இப்படியேதான்.
பனியைத் தெரியாதவருக்கு
வெடிப்பை யார் காட்டினார்கள்?
மூன்று நாள் அவர்மேல்
கோபப்படவும் முடியவில்லை.

ஒன்றில் ஒரு ஃபாரம் இரண்டு தடவை தைத்திருந்தது.
தொண்ணூற்றேழிலிருந்து நூற்றுப்பன்னிரண்டு வரை,
மறுபடியும் தொண்ணூற்றேழு.
அதே அண்ணன், அதே தம்பி, அதே சொத்துச் சண்டை.
உத்தி என்று நினைத்தேன்.
இரண்டாம் தடவைதான் கண்ணில் பட்டது:
சண்டை முழுக்கத் தம்பியின் கை
கதவின் தாழ்ப்பாளிலேயே இருக்கிறது.
அச்சுப் பிழை, மாற்றித் தரட்டுமா என்றார் மேடம்.
வேண்டாம் என்றேன்.

நகரத்துக் கதை ஒன்று.
முந்நூறு பக்கத்துக்கு ஒருவன் ஜன்னலோரம்
துக்கமாக இருக்கிறான், காபி குடிக்கிறான்.
ஓரத்தில் பென்சிலால் கேட்டு வைத்தேன்:
'அந்த டம்ளரையெல்லாம் யார் கழுவுவது?'
இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால்
அடியில், சாய்ந்த கையெழுத்தில், யாரோ:
'எங்க வீட்ல நான்.'

அன்று காலை வீட்டுக்குப் போய்
என் டம்ளரை நானே கழுவினேன்.
தனக்கொடி ஏன் என்று கேட்கவில்லை.
அடியில் இன்னும் கறை இருக்கிறது என்றாள்.

இப்போது கையில் இருப்பதை
நான்கு முறை நீட்டித்தாயிற்று.
எஸ்தர் ராணி இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
பேருந்து நிலையத்தில் நின்று
சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.
நூற்றுநாற்பதில் முதல் இருமல்.
நூற்றெண்பதில் கைக்குட்டையை மடித்து மறைத்தாள்.
எழுதியவர் அவளை எங்கே கூட்டிப்போகிறார் என்று
தெரியாத ஆளா நான்?
புரட்டாதவரை அவளிடம்
பதினேழு ரூபாய் இருக்கிறது.
பஸ்ஸும் இன்னும் வரவில்லை.

கேட்டருகே காட்டெருமை நிற்கிறது, யாரும்
இறங்க வேண்டாம் என்று கீழிருந்து குரல்.
ஆல்துரை சார் மாடியிலேயே மாட்டிக்கொண்டார்.
சும்மா நிற்க முடியாமல்
ஒரு பிடி கொழுந்தை அள்ளி இறுக்கி
விரலைப் பிரித்தார்.
உடனே விரிந்துவிட்டது.
"பத்தலை. இன்னும் அரை மணி" என்றார்.

அரை மணி என்றால் பத்துப் பக்கம்.
இருப்பது பதினொன்று.