நகர்

ஒரு சனி விட்டு ஒரு சனி
என் மகள் எனக்கு.
காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை.
தீர்ப்பில் அப்படித்தான் இருக்கிறது.

கார்ல்ஸ்ரூவில் ட்ராம் ஓட்டுகிறேன்.
எங்கள் ஊர் விரித்துவைத்த விசிறி:
எந்தத் தெருவில் நின்று திரும்பினாலும்
கோடியில் அதே அரண்மனை
முறைத்துக்கொண்டிருக்கும்.
"போரடிக்குதுப்பா" என்றாள் லியோபா.
பதிமூன்று வயதுக்கு விசிறி போதாது.
ஆகவே மன்ஹைம். ஒருநாள் டிக்கெட், இருவருக்கு.

இந்த ஊரின் நடுவில் தெருவுக்குப் பெயரில்லை.
தளபதி தெரு இல்லை, கவிஞர் சந்து இல்லை,
செத்துப்போன யாருக்கும் ஒரு மூலைகூட இல்லை.
சதுரம் சதுரமாய்க் கட்டடங்கள்,
சதுரத்துக்கு ஓர் எழுத்து, ஓர் எண்.
பல் டாக்டர் இருப்பது ஒரு கட்டத்தில்,
சாவி வெட்டுகிறவர் அடுத்த கட்டத்தில்.
தபால்காரர் மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை.

அவளுக்கு உடனே பிடித்துவிட்டது.
பள்ளிச் சதுரங்க அணியில் மூன்றாம் பலகை அவள்.
"நீ யானை. தண்டவாளம் மாதிரி நேராத்தான் போவே.
நான் குதிரை."
இரண்டு சதுரம் முன்னால், ஒன்று பக்கவாட்டில்.
மறுபடி இரண்டு, மறுபடி ஒன்று.
வழிகாட்டிப் புத்தகம் என் கையிலேயே வியர்த்தது.

குதிரை கூட்டிப்போன இடங்கள் அதில் இல்லை.
எள்ளு ரொட்டி அடுக்கும் துருக்கிக் கடை,
மீசையை மட்டும் சரிசெய்துகொள்ள வந்தவர்
கண்மூடிக் கிடந்த முடிவெட்டும் கடை,
கண்ணாடிக்குப் பின்னே
தலையில்லாத ஒன்பது மணப்பெண்கள்.
ஒன்பதையும் எண்ணிவிட்டு, "அத்தனையும் ராணி" என்றாள்.
காற்று திரும்பியபோது
ரைன் நதிக்கு அக்கரை ஆலைகளின் வாசம்.

குறுக்கே ஒரு ட்ராம் வந்தது.
ஓட்டுநருக்கு இரண்டு விரல் உயர்த்தினேன்,
அவரும் உயர்த்தினார், ஆளைத் தெரியாவிட்டாலும்.
வளைவில் கொஞ்சம் வேகம் என்று நினைத்தேன்.
மணி அடங்கியதும் பார்த்தால்
லியோபா எதையோ சொல்லி முடித்திருந்தாள்.
"என்ன சொன்னே?"
"ஒண்ணுமில்ல. நகரு, உன் முறை."

தண்ணீர்க் கோபுரத்தையும் பார்த்தோம்.
படம் எடுத்தோம், எல்லோரும் எடுக்கும் அதே இடத்தில்.
நூடுல்ஸ் போல் பிழிந்த ஐஸ்கிரீம், மேலே
தக்காளிச் சாறாய் நடிக்கும் ஸ்ட்ராபெரி.
பாதியில் கரண்டியை நிறுத்திச் சொன்னாள்,
இந்த முறை ட்ராம் எதுவும் வரவில்லை:
அம்மாவுக்கு ரோஸ்டாக்கில் வேலை கிடைத்திருக்கிறது.
ஆகஸ்டில்.
"நானும்" என்பதை அவள் சொல்லவில்லை,
ஐஸ்கிரீம் சொன்னது, உருகி.

ரோஸ்டாக், ரயிலில் எட்டு மணி நேரம்,
தாமதம் இல்லையென்றால்.
தாமதம் இல்லாத ரயிலை
நான் இருபது வருடமாய்த் தேடுகிறேன்.
ஒன்பது முதல் ஏழு வரை, பத்து மணி நேரம்.
கழித்துப் பார்த்தேன்.
திரும்பி வருவதற்கு அதில் இடமே இல்லை.

நிலையத்துக்குப் போகும்போது
சட்டென்று தெருவைக் கடந்து
எதிர்ச் சதுரத்தின் ஓரத்தில் நின்றாள்.
"அப்பா, ஒரு கேள்வி.
குதிரை இங்கேருந்து உன் கட்டத்துக்கு,
பக்கத்துக் கட்டம்தான், வர
எத்தனை நகர்த்தல்?"
ஒன்று என்றேன்.
"மூணு" என்றாள். "சுத்தித்தான் வரணும்.
ஆனா வந்துரும்."
பச்சை விழுந்தது. யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள்.

ஏழு மணி நான்கு நிமிடத்துக்கு வாசலில் ஸ்வாண்ட்யே.
தாமதத்தைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை,
நானும் ஆகஸ்டைப் பற்றிக் கேட்கவில்லை.
கதவு சாத்திய பிறகு
ட்ராம் ஏறாமல் நடந்தேன்:
இரண்டு தெரு நேராக, ஒன்று பக்கவாட்டில்.
நாயோடு வந்த ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார்.
விசிறியில் குதிரை ஓட்ட முடியாது.
மூன்றாம் திருப்பத்தில்
கோடியில் அரண்மனை, விளக்குப் போட்டுக்கொண்டு,
முறைத்தது.