வலது கை

படிவத்தின் ஒன்பதாவது கேள்வி:
அவசரத்துக்கு அறிவிக்க வேண்டியவர்.
ஓடுகிற வானில் முழங்காலை மேசையாக்கி
என் நம்பரையே எழுதிக் கொடுத்தேன்.
பிறகுதான் உறைத்தது,
நான் விழுந்தால்
என் காற்சட்டைப் பையில்தான் அது அடிக்கும்.

உவர்மலையில் ஐந்தரைக்கு ஏறினோம், பதினொரு பேர்.
ஒருவரையும் முன்பின் தெரியாது.
காணிப் பதிவகத்தில் பத்தொன்பது வருடமாக
எல்லைகள் எழுதுகிறவள் நான்:
வடக்கே வீதி, கிழக்கே கடல்,
தெற்கே இன்னாருடைய வளவு, மேற்கே வாய்க்கால்.
மேலே, கீழே என்று
எந்த உறுதியிலும் எழுதியதில்லை.

கன்னியா தாண்டி, தார் முடிந்து, கிரவலும் முடிந்து,
மாரி விட்டுப்போன ஓடையொன்று
கல்லைக் கிழித்துக்கொண்டு இறங்கும் மலை.
தை மாதத் தண்ணீர்.
ஓடைக்குள்ளேயே நடந்தோம்,
கணுக்கால், இடுப்பு, திடீரென்று நெஞ்சு,
வழுக்கிய இடத்திலெல்லாம்
யாரோ ஒருவரின் முதுகுப்பையைப் பிடித்தபடி.
மன்னிக்கவும் என்று முதல் இரண்டு தரம் சொன்னேன்.

மலை ஓரிடத்தில் நின்றுவிட்டது.
தண்ணீர் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

கிண்ணியாப் பொடியன் அஸ்ஹான்
எல்லோருடைய நிறையையும் சத்தமாகக் கேட்டான்.
எண்பத்தொன்று என்றேன்.
டொக்டருக்கே எழுபத்தைந்து என்று சொல்பவள்.
கயிற்றுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.
"இடது கை சும்மாக்கா. வலதுதான் பிறேக்.
மூஞ்சி துடைக்கவோ கும்பிடவோ அந்தக் கையை எடுக்காதீங்க.
இப்ப சாயுங்க,
பின்னால கதிரை இருக்கிற மாதிரி."

கதிரை இல்லை.
சாய்ந்தேன்.

முதல் பத்து அடி
வயிறு மேலேயே நின்றுவிட்டது.
அப்புறம் வந்து சேர்ந்தது, கோபமாக.
நடுவில் கை பூட்டிக்கொண்டது.
இறுக்கினால் விழமாட்டேன் என்பது சரி,
இறங்கவும் மாட்டேன்.
தலைக்கவசத்தில் அருவி
தகரக் கூரையில் மழை மாதிரி.
கண்ணுக்கு நேரே கல்லிடுக்கில்
நகத்தளவு தவளை.
அதற்குக் கயிறில்லை, படிவமில்லை,
என்னை ஒரு முறை பார்த்துவிட்டு
வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"விடுங்கக்கா, கொஞ்சம் கொஞ்சமா!"
கீழே சிவப்புத் தலைக்கவசம்.
எனக்கு முன்னே இறங்கினவள்.
கயிற்றின் நுனியை இரண்டு கையாலும் பிடித்து
அண்ணாந்து நின்றாள்.
நான் கைவிட்டால்
அவள் இழுப்பாள், கயிறு நிற்கும்.
அஸ்ஹான் மேலே சொன்னதுதான்,
அப்போது நான்
செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விரல் தளர்த்தினேன்.
ஒரு சாண் இறங்கியது உலகம்.
இன்னொரு விரல்.

கால் தரையைத் தொட்டபோது
பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.
முழங்கால் சிராய்ப்பு, மூக்கில் பாசி மணம்.
சிவப்புத் தலைக்கவசம் கயிற்று நுனியை
என் கையில் வைத்துவிட்டு
ஈரச் சொக்ஸ் பிழியப் போனாள்.

இனி என் முறை.
மேலே யாரோ விளிம்புக்கு வருகிறார்கள்.
ஆணோ பெண்ணோ தெரியவில்லை.
தெரிவதெல்லாம் இரண்டு சப்பாத்துகளின் அடி.
இடதில் இன்னும் உரிக்காத விலைத்துண்டு.
என்ன விலையென்று வாசிக்க முடியாத உயரம்.
கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்று
நினைத்திருப்பார் போல.
கழுத்து வலித்தது.
தும்மல் ஒன்று வந்தது, விழுங்கினேன்.
துண்டின் எண்கள் மெல்ல மெல்லப் பெரிதாயின:
மூவாயிரத்து நானூற்றைம்பது.

திரும்பும் வழியில் கன்னியாவில் நிறுத்தினார்கள்.
மூன்றாவது கிணற்றுச் சுடுதண்ணீர்
சிராய்ப்பில் பட்டு எரிந்தது.
வலது கை இன்னும் முழுதாக விரியவில்லை,
இல்லாத கயிறொன்றைப் பிடித்தே இருந்தது.
பக்கத்தில் ஒருத்தி
வாளியைத் தலையில் கவிழ்த்து, கண்ணைத் துடைத்து,
தலைக்கவசம் இல்லாததால் எனக்கு மட்டுப்படவில்லை,
எண்பத்தொரு கிலோவை நுனியில் வைத்திருந்தவள்,
இப்போதுதான் கேட்டாள்:
"உங்கட பேர் என்னக்கா?"