நீ காற்றாக இரு

தரையில் நல்ல பிள்ளை.
லீவரை முன்னே தள்ளினால் வால் தகடு மேலே,
பின்னே இழுத்தால் கீழே,
மறுபேச்சே இல்லை.
மூவாயிரம் அடியில்தான் அதன் குணம் தெரியும்.
மூக்கை நிமிர்த்தி ட்ரிம் வைத்து
பத்து எண்ணுவதற்குள்
மெல்ல, மிக மெல்லக் குனியத் தொடங்கும்,
கடன் கேட்க வந்துவிட்டு
வானிலை பற்றிப் பேசுகிறவன் போல.

ரோஸ்தெர்னிலிருந்து ஆற்று வளைவு வரை போய்த் திரும்ப
நாற்பது நிமிடம்.
நாற்பது நிமிடமும் ஸ்டிக்கை இழுத்துப் பிடித்த வலக்கை
மறுநாள் எக்ஸ்ரே அறையில்
ஈயக் கவசத்தைத் தூக்க மாட்டேன் என்றது.

கேபிளில் கிரீஸ் உறைந்திருக்கும், என்றான் ஒரெஸ்ட்.
வாஷர், என்றேன் நான்.
லீவர் அடியில் நீ வெட்டிப் போட்ட வாஷர்
பிடிப்பு இல்லாமல் வழுக்குகிறது.
மூன்று வாரம் இதையே சொன்னேன்.
அறுவடை எந்திரங்களைப் பிரித்து மாட்டிப் பிழைக்கிறவன்
வாஷரைக் கழற்றினான்,
புதிதாக ஒன்று வெட்டிப் போட்டான்,
ஒரு வார்த்தை பேசவில்லை.
விமானம் மறுபடி குனிந்தது.
கிரீஸை வழித்தோம். குனிந்தது.
தகட்டின் கீலை ஆட்டிப் பார்த்தோம்,
ஒரு நூல் கூட ஆடவில்லை.
கடைசியில் எடைக் கணக்கைத் திரும்பப் போட்டோம்,
இந்த முறை இருவரும்
உண்மையான எடையைச் சொல்லி.

மார்ச் மாதம். ஹாங்கருக்குள்ளேயே
மூச்சு கண்ணுக்குத் தெரிந்தது.
"தரையில் ஒழுங்காக இருக்கிறது, அகதா.
அப்படியானால் தரையில் இல்லாதது எது?"
தேநீர்க் குவளையை இறக்கையின் மேல் வைத்துவிட்டு
வாலைக் காட்டினான்.
"போய்ப் படு. நீ காற்றாக இரு."

சிமென்ட்டில் அட்டை விரித்து மல்லாந்து கிடந்தேன்,
எங்கும் போகாத காற்று.
இரண்டு விரலால் தகட்டை மேல்நோக்கி அழுத்தினேன்.
அவன் லீவரை இழுத்தான்.
தகடு என் விரல்களைத் தள்ளிக்கொண்டு இறங்கியது,
கொஞ்சம் நின்றது,
பிறகு விட்டுக்கொடுத்தது.
"லீவர் அசையவேயில்லை" என்று காக்பிட்டிலிருந்து குரல்.
அங்கே அசையவில்லை. இங்கே நழுவுகிறது.
நடுவில் எவனோ பொய் சொல்கிறான்.

இடம் மாறினோம். இப்போது அவன் காற்று.
பக்கவாட்டு மூடியைக் கழற்றி
டார்ச்சைப் பல்லில் கடித்து எட்டிப் பார்த்தேன்.
அவன் அழுத்த அழுத்த
கேபிளின் கருப்பு உறை வளைந்து எழுந்தது,
தூக்கத்தில் புரளும் பாம்பு மாதிரி.
உள்ளே கம்பி ஓட வேண்டுமென்றால்
வெளியே உறை அசையக் கூடாது.
தினமும் நாற்பது பேரிடம்
நான் சொல்கிற ஒரே வார்த்தை அதுதான்.
அசையாதீர்கள்.

மூன்றாம் சட்டத்தில் கிளாம்ப் இருக்க வேண்டிய இடத்தில்
பாதிப் பிளாஸ்டிக் பட்டி.
மீதிப் பாதி விமானத்தின் அடிவயிற்றில் கிடந்தது.
மைனஸ் முப்பத்தொன்றில் எந்த இரவிலோ
சுள்ளியாக ஒடிந்திருக்கிறது.

ஒன்பது வருடக் கட்டுமான நோட்டைப் புரட்டினோம்.
ஏழாம் வருடம், நவம்பர்,
காப்பிக் கறைக்குப் பக்கத்தில்:
"சட்டம் மூன்று. இப்போதைக்குப் பட்டி.
கிளாம்ப் நாளைக்கு."
அந்த நாளைக்கு இரண்டு வயதாகிவிட்டது.
கையெழுத்து என்னுடையது.

ஒரெஸ்ட் படித்தான். மறுபடி படித்தான்.
சட்டைப் பையில் துழாவி
கழற்றிய பழைய வாஷரை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தான்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
அதில் ஒரு கீறல் இல்லை.
மன்னிப்பு என்று வாயைத் திறந்தேன்,
"பத்தாம் நம்பர் ஸ்பேனர்" என்றான்.

ஞாயிறு. பாதி உருகிய வயல்கள்,
பனிக்கு நடுவே கருப்புக் கருப்பாக மண்.
ட்ரிம் வைத்தேன். கையை எடுத்தேன். எண்ணினேன்.
பத்து. நாற்பது.
நூற்றிருபதில் கீழே ஒரு சரக்கு ரயில் வர
அதன் பெட்டிகளை எண்ணப் போய்விட்டேன்.
வேலை போன வலக்கை
எங்கே இருப்பதென்று தெரியாமல்
மடியில் கிடந்தது.
பிறகு மூக்கு அரித்தது.
என் மூக்கு.