செவ்வாய்

பாசையூர் மாதர் சங்க மண்டபம்.
டென்மார்க்கிலிருந்து வந்த பிர்கிட்
ஆளுக்கொரு மஞ்சள் தாள் தந்தா:
"உங்கள் கனவை எழுதுங்கள்."
புத்தகத் தமிழ்.

நண்டு உடைச்ச விரலுக்குப்
பேனை பிடிபட நேரமெடுத்தது.
அதுக்குள்ளை ஒழுங்கையிலை
லோன்காரன்ரை மோட்டார் சைக்கிள்.

பதினொரு பேரும்
மலசலகூடத்துக்குப் பின்னாலை
மூச்சை அடக்கி நிண்டம்.
ஜெறோமியின்ரை பிள்ளைக்கு மட்டும் சிரிப்பு.

"ஆக்கள் எங்கை?"

வாசலிலை பதினொரு சோடி செருப்பு.
அவனும் பாத்தான்,
அவவும் பாத்தா.
"எல்லாரும் போட்டினம்."

போய்விட்டார்கள் இல்லை,
போட்டினம்!
ஆர் பழக்கினது?

நாங்கள் திரும்பி வரேக்கை
என்ரை தாளை எழுத்துக்கூட்டி
வாசிச்சுக்கொண்டு நிக்கிறா:

செவ்வாய் இல்லாத கிழமை.

இண்டைக்கு என்ன நாள் எண்டு
அவ கேக்கேல்லை.